சில்வர்ட்டனில் நான்கு இரவுகள்

வண்டியில் இடமில்லை, குக்கர் வேண்டாம் என்றார் மகன். குக்கர் வராத ஊருக்குத் தானும் வரவில்லை என்றார் அம்மா. குக்கர் ஏறியது.

டென்வரில் வேலை பார்க்கும் அந்த மகன் திருச்சி பொன்மலையில் வளர்ந்தவர். அப்பா அங்கே ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் அமெரிக்கா வந்திருந்த செப்டம்பரில், மகனும் மருமகளும் 25 அடி நீள ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். கொலராடோவின் தென்மேற்கே சான் ஹுவான் மலைகளுக்குள் இருக்கும் சில்வர்ட்டன்தான் இலக்கு. அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் இந்த வண்டியை ஓட்ட அங்கே சாதாரண கார் உரிமமே போதும். நிறுத்திவைத்து அதில் குடித்தனம் நடத்தத்தான் பழக வேண்டும்.

சில்வர்ட்டன் சுமார் 2,840 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட 600 மீட்டர் மேலே. வெள்ளிச் சுரங்கங்களால் பிறந்த ஊர். கடைசிப் பெரிய சுரங்கம் 1991-ல் மூடப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை அறுநூற்றுச் சொச்சம். கடைவீதியில் மட்டும் தார் சாலை, மற்ற தெருக்கள் மண் தெருக்கள்தான்.

அவர்கள் தங்கிய ஆர்.வி. பார்க்கும் ஊரைப் போலவே எளிமையானது. சரளைக்கல் பரப்பிய இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய், கழிவுநீருக்குத் தரையில் ஒரு துளை. பொதுக் குளியலறை, துணி துவைக்க இரண்டு இயந்திரங்கள். நீச்சல் குளமோ குழந்தைகள் விளையாட்டுத் திடலோ கிடையாது. கண்ணைத் தூக்கினால் நாலு பக்கமும் மலை, கொஞ்ச தூரத்தில் ஆனிமஸ் ஆறு. இவ்வளவு போதுமா என்று மகன் முதலில் தயங்கியிருக்கிறார். போதும். மலைக்குப் போகிறவர் நீச்சல் குளத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்றுக்கும் இணைப்பு உண்டா என்பதை மட்டும் முன்பதிவின்போது கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சில இடங்களில் முதல் இரண்டுதான் இருக்கும்.

அங்கே போய்ச் சேர இரண்டு வழி. வடக்கே யூரேயிலிருந்து வரும் 550-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு ‘மில்லியன் டாலர் ஹைவே’ என்று பெயர். அழகு கொள்ளை கொள்ளும். ஆனால் பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே இல்லை. குளிர்காலத்தில் பனியை வழித்துப் பள்ளத்தில் தள்ளுவதற்காக அப்படியே விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வலது பக்கம் ஓட்டுவதால், யூரேயிலிருந்து தெற்கே வருகிறவர் பள்ளத்தின் விளிம்பில் வருவார். சில்வர்ட்டனிலிருந்து வடக்கே போகிறவர் மலைச்சுவரை ஒட்டிப் போவார். இதைத் தெரிந்துகொண்டு அவர்கள் தெற்கே டுராங்கோ வழியாக வந்தார்கள், திரும்பும்போது யூரே வழியாகப் போனார்கள். பெரிய வண்டிக்குப் புதியவர் யாராக இருந்தாலும் இந்த வரிசைதான் சரி.

டுராங்கோ வழியும் சமதரை இல்லை. கோல் பேங்க், மோலஸ் என்று இரண்டு கணவாய்கள், இரண்டும் 3,200 மீட்டருக்கு மேல். மோலஸிலிருந்து சில்வர்ட்டனுக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கிடம் பார்த்து வழிவிட்டுவிடலாம். மலையில் யாருக்கும் அவசரம் கூடாது.

வழியில் டுராங்கோவில் ஓர் இரவு தங்கினார்கள். காரணம் பெற்றோரின் வயது. 2,500 மீட்டருக்கு மேல் போனால் உயரம் யாரையும் தாக்கலாம். சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் டுராங்கோவில் ஒரு நாள் இருந்து ஏறியும், சில்வர்ட்டனில் முதல் இரவு அம்மாவுக்குத் தலைவலி, தூக்கமில்லை. தண்ணீர் நிறையக் குடித்து, மறுநாள் எங்கும் அலையாமல் ஓய்வெடுத்ததில் சரியாயிற்று. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்கிவிட வேண்டும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

முதல் மாலை மின்சாரம் போனது. வெளியே குளிர் என்று மின் ஹீட்டர், காபிக்குக் கெட்டில், சோறு சூடாக்க மைக்ரோவேவ் எல்லாம் ஒன்றாக ஓட, கம்பத்தில் பிரேக்கர் விழுந்துவிட்டது. அவர்களுடையது 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டில் மொத்தமே 3,600 வாட். ஹீட்டருக்கு 1,500, கெட்டிலுக்கு 1,500. மூன்றாவதற்கு இடமே இல்லை. “எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டா பணிமனையிலயும்தான் ஃபியூஸ் போகும்” என்று சொல்லிக்கொண்டே அப்பா டார்ச்சோடு இறங்கினார். அன்றிலிருந்து கெட்டில் கொதிக்கும்போது ஹீட்டர் அணையும்.

பக்கத்து இடத்தில் டெக்சாஸிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. மகன் வண்டியைச் சமமாக நிறுத்தாததை முதலில் பார்த்தவர் அந்தப் பெரியவர்தான். கேஸில் ஓடும் ஆர்.வி. குளிர்பெட்டிக்குள் அம்மோனியா தானாகவே சுற்றி வர வேண்டும். வண்டி சாய்ந்திருந்தால் அது தேங்கி, பெட்டி குளிராது, நாளடைவில் கெட்டும்போகும். தம்மிடமிருந்த பிளாஸ்டிக் கட்டைகளைக் கொடுத்து, சக்கரத்தை அவற்றின் மேல் ஏற்றச் சொல்லி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு சக்கரத்துக்கு அடைகட்டை. அதன் பிறகு மின்சாரம்: கம்பத்தில் பிரேக்கரை அணைத்து, செருகி, அப்புறம்தான் போட வேண்டும். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைக்கும் பித்தளை ரெகுலேட்டர் ஒன்றை மாட்டாவிட்டால் மலையூர்த் தண்ணீரின் வேகம் வண்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களைப் பிளந்துவிடலாம் என்றார். வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர்கள் அரை மணி நேரத்தில் காட்டிவிட்டுப் போனது இவர்களுக்கு அப்போதுதான் புரிந்திருக்கிறது. வண்டியை எடுக்கும்போதே அந்த விளக்கத்தைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்வது நல்லது.

கழிவுத் தொட்டி விஷயத்தில் கூச்சப்பட்டால் நடக்காது. கழிப்பறைக்கு ஒரு தொட்டி, குளியல் மற்றும் பாத்திரத் தண்ணீருக்கு இன்னொன்று. கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்தால் தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது தங்கிக் காய்ந்துவிடும். முக்கால் பங்கு நிறையும்வரை மூடிவைத்து, முதலில் அதைத் திறக்க வேண்டும். அதன் பின் குளியல் தண்ணீரைத் திறந்தால் அதுவே குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை கட்டாயம். குடிதண்ணீர்க் குழாயை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

சமையலில்தான் உயரம் நன்றாகத் தெரிந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் அடியில் எங்கோ இருந்ததால் மருமகள் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டார். முக்கால் மணி நேரம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே இருந்தது. “அத்தை, நீங்க சொன்னதுதான் சரி” என்று குக்கரைத் தேடி எடுத்தார். வீட்டில் நாலு விசில் என்றால் அங்கே ஆறு. மலைக்குப் போகும் தமிழ்க் குடும்பம் எதை விட்டுவிட்டுப் போனாலும் குக்கரை விடக் கூடாது. சாப்பாட்டையும் குப்பையையும் வெளியே விட்டுவைக்கவும் கூடாது. கொலராடோ மலைகளில் கருங்கரடிகள் உண்டு.

இரண்டாம் நாள் காலை தண்ணீர் வரவில்லை. இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போய், வெளியே கிடந்த குழாய் உறைந்து கட்டையாகிவிட்டது. அடுத்த நாளிலிருந்து மாலையிலேயே வண்டியின் தொட்டியை நிரப்பிக்கொண்டு, குழாயைக் கழற்றி வடித்துச் சுருட்டிவைத்தார்கள். காலையில் தொட்டித் தண்ணீரும் பம்பும் போதுமாக இருந்தன. குளிப்பதற்குப் பொதுக் குளியலறை. அதற்கும் துணி துவைக்கவும் 25 சென்ட் நாணயங்கள் கைநிறைய வேண்டும்.

அப்பாவுக்கு இவை எதுவுமே பெரிதாகப் படவில்லை. டுராங்கோவிலிருந்து சில்வர்ட்டனுக்கு 1882-ல் போட்ட குறுகிய ரயில் பாதையில் இன்றும் நீராவி ரயில் வருகிறது. ஊட்டி ரயிலின் பாதை ஒரு மீட்டர் அகலம். இது 914 மில்லிமீட்டர்தான். நிலக்கரியில் ஓடிய இன்ஜின்களை எண்ணெய்க்கு மாற்றியிருக்கிறார்கள். ஊட்டி ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் நீராவி இன்ஜின்களைக் கட்டித் தந்தது பொன்மலைப் பணிமனை என்பதை அந்த டெக்சாஸ் பெரியவருக்கு மகனை மொழிபெயர்க்கச் சொல்லி அப்பா விளக்கியிருக்கிறார். தினமும் மதியம் ஊதல் சத்தம் கேட்டதும் இருவரும் சேர்ந்தே ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். இரவு பத்து மணிக்குப் பார்க்கில் பேச்சு அடங்கிவிடும், ஜெனரேட்டரும் ஓடக் கூடாது. பத்து அடிக்கும்வரை இருவரும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்களாம்.

அக்டோபர் நடுவில் இந்த உயரத்துப் பார்க்குகளில் பலவும் தண்ணீரை நிறுத்தி மூடிவிடும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடியும் மின்னலும் அதிகம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்கள் செப்டம்பர் முதல் பாதிக்கு இப்போதே இடம் பதிந்துகொள்ளுங்கள். டுராங்கோவில் ஓர் இரவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.