நுங்கு வண்டியும் சிறுதேரும்



பிள்ளை விளையாட்டுச் சாமான் கேட்டால் நாம் திருவிழாக் கடைக்குத்தான் போகிறோம். சம்பளக் காசு கொடுத்து வாங்கிய கார் இரண்டு நாளில் சில்லு கழன்று குப்பைக்குப் போகிறது. கையால் செய்யும் பொம்மை வண்டியைப் பற்றி இம்முறை அறிந்துகொள்வோம்.

பெரியவர்கள் ஓட்டுவதைச் சின்னதாகச் செய்து விளையாடுவது மிகப் பழைய ஆசை. சிந்துவெளியின் ஹரப்பா, மொகெஞ்சதாரோவில் 4,000 ஆண்டுகளுக்கு முந்திய களிமண் பொம்மை வண்டிகள் கிடைத்துள்ளன. பிள்ளைகள் உருட்டிய மூன்று சில்லுச் சிறுதேரைப் பட்டினப்பாலை சொல்கிறது. பிள்ளைத்தமிழில் ஒரு பருவத்துக்கே சிறுதேர் என்றுதான் பெயர்.

நம் நாட்டில் யாழ்ப்பாணத் தீவுகளைப் பாருங்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் கும்பிடப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே எங்கும் பனைதான். நெடுந்தீவிலும் அப்படியே. நுங்கு தின்றபின் மிஞ்சும் கோம்பை இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் குத்தினால் சில்லும் அச்சும் தயார். கவட்டைத் தடியை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். 1990இல் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்தது. நுங்கு வண்டிக்குப் பற்றரியே தேவையில்லை!

இது ஏன் அலுப்பதில்லை? பிள்ளை தானே செய்தது. உடைந்தால் தானே திருத்தும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், "ஏன் இப்படிப் போகுது?" என்று யோசிக்கும். அதுவும் படிப்புத்தான்.

மலையில் நுங்கு இல்லையே என்கிறீர்களா? தேய்ந்த ரப்பர் செருப்பில் ஒரே அளவாக நாலு வட்டம் வெட்டுங்கள். நடுவில் துளையிட்டு இரண்டு மூங்கில் குச்சியில் கோருங்கள். மேலே ஒரு காட்போட் பெட்டியைக் கட்டி, நூல் போட்டால் லொறி ஆயிற்று.

மூன்று விஷயம் கவனம். வெட்டுவதும் துளைப்பதும் பெரியவர் வேலை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் விழுங்கக்கூடிய சின்னச் சாமான் கொடுக்க வேண்டாம். புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்துப் போத்தல், கேன் எதையும் விளையாடக் கொடுக்கவே கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் நஞ்சு தங்கியிருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள். செய்த வண்டியைப் பிள்ளை மடுவத்துக்கும் கொடுத்தனுப்புங்கள். மற்றப் பிள்ளைகளும் பார்த்துச் செய்யட்டும்.