மலை ஏறுமுன் ஒரு கணக்கு

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் நின்று யாரைக் கேட்டாலும் மலையின் உயரத்தைத் தயங்காமல் சொல்வார்: 2,668 அடி. கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்கு அந்த உச்சியில் கொப்பரையில் ஜோதி எழும்போது ஊர் முழுவதும் அண்ணாந்து பார்க்கிறது.

மாணவர்களே, ஒரு கேள்வி. அந்த 2,668 அடி எங்கிருந்து அளந்தது? அடிவாரத்திலிருந்தா? கடல் மட்டத்திலிருந்தா?

ஒரு நாள் மலைப் பயணத்தைத் திட்டமிடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இன்று நாம் இந்த மலையில் காகிதத்தில் மட்டும் ஏறிப் பார்ப்போம். வனத்துறையின் அனுமதியின்றி இம்மலையில் ஏறக் கூடாது. ஆனால் கணக்குப் போட அனுமதி தேவையில்லை!

ஏறும் உயரம் எவ்வளவு?

ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். எனவே 2,668 அடி ஏறக்குறைய 813 மீட்டர் ஆகிறது. நிலப்படங்களில் மலையுச்சிக்குக் கடல் மட்டத்திலிருந்து குறிக்கப்படும் உயரமும் ஏறத்தாழ இதுவே. திருவண்ணாமலை நகரமோ கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே நம் கால்கள் ஏற வேண்டியது 813 கழித்தல் 170, அதாவது சுமார் 640 மீட்டர்தான்.

மலையின் உயரம் வேறு. நாம் ஏறும் உயரம் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது எண்.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்காட்லாந்து நாட்டின் மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892-இல் ஓர் எளிய விதியைச் சொன்னார். நடக்கும் தூரத்தில் 3 மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறும் உயரத்தில் 2,000 அடிக்கு இன்னொரு மணி நேரம். நம் அளவைகளில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்திற்கு ஒரு மணி.

பாதையின் நீளம் ஒரு வழிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம்.

தூரத்திற்கு: 4 ÷ 5 மணி = 48 நிமிடம்
ஏற்றத்திற்கு: 640 ÷ 600 மணி = 64 நிமிடம்
மொத்தம்: 112 நிமிடம்

இரண்டு மணி நேரம் கூட ஆகவில்லையே என்று மகிழ வேண்டாம்! இது பழக்கப்பட்டவர், நல்ல பாதையில், நில்லாமல் நடக்கும் கணக்கு. நம் மலைகளில் பாறைகளைத் தாண்ட வேண்டும். வெயிலுக்கு ஒதுங்க வேண்டும். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருக்கும் வேகம். எனவே விடையை ஒன்றரையால் பெருக்குவோம். 168 நிமிடம் வருகிறது. 3 மணி நேரம் என்று கொள்வோம்.

இறங்குவதற்கு? பாதி நேரம் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கி நிறுத்துகின்றன. ஏறிக் களைத்த தசைகளுக்கு இது கடினமான வேலை. உருளும் கல்லில் கால் வைத்தால் சறுக்கிவிடும். செங்குத்தான பாறைப் பாதையில் இறங்கவும் அதே 3 மணி நேரத்தை ஒதுக்குவதே அறிவுடைமை.

திரும்பும் நேரம்

இப்போது கணக்கைத் தலைகீழாகப் போடுவோம். டிசம்பர் முதல் வாரத்தில் திருவண்ணாமலையில் சூரியன் 5.45 மணியளவில் மறைகிறது. நாம் நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் சூரியன் அடிவானத்தில் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குகிறது. ஆகவே அந்தி வெளிச்சம் நீண்ட நேரம் நிற்பதில்லை. அரை மணிக்குள் இருட்டிவிடும். கோயிலும் நகரமும் மலைக்குக் கிழக்கே இருப்பதால், அந்தச் சரிவில் மலையின் நிழல் இன்னும் முன்னதாகவே விழுந்துவிடும்.

எதிர்பாராத தாமதத்திற்கு 2 மணி நேரம் வைத்துக் கொள்வோம். அப்படியானால் பிற்பகல் 3.45-க்கு அடிவாரம் வந்து சேர வேண்டும். அதிலிருந்து இறங்கும் 3 மணி நேரத்தைக் கழித்தால் 12.45.

இதுதான் நம் திட்டத்தின் மிக முக்கியமான எண். 12.45-க்கு உச்சியில் இருந்தாலும் சரி, பாதி வழியில் இருந்தாலும் சரி, திரும்பிவிட வேண்டும்.

ஒரு குழு காலை 6.30-க்குப் புறப்பட்டால் 9.30-க்கு உச்சியை அடையும். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு 1.30-க்குள் இறங்கிவிடலாம். இன்னொரு குழு பேருந்தைத் தவறவிட்டு 10.30-க்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். 12.45-க்கு அவர்கள் முக்கால் வழி ஏறியிருப்பார்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, இன்னும் முக்கால் மணி நேரம்தானே" என்று மனம் சொல்லும். தொடர்ந்தால் உச்சியில் 1.30, தங்கிப் புறப்பட 2.30, அடிவாரம் சேர 5.30. எல்லாம் சரியாக நடந்தால்தான் இது. ஒருவருக்குக் கணுக்கால் பிசகினாலும் போதும், குழு முழுவதும் இருட்டில் பாறைமேல் நிற்கும்.

அதனால்தான் திரும்பும் நேரத்தை வீட்டில், களைப்பில்லாதபோது, காகிதத்தில் எழுதிவிட வேண்டும். மலையில் போய் முடிவு செய்யலாம் என்று விடக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு

50 கிலோ எடையுள்ள மாணவர் 5 கிலோ பையுடன் 640 மீட்டர் ஏறுகிறார். அவர் செய்யும் வேலை 55 × 9.8 × 640. அதாவது சுமார் 345 கிலோஜூல். நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே இத்தகைய வேலையாக மாற்றுகின்றன. எனவே செலவாகும் ஆற்றல் 1,725 கிலோஜூல். மீதி 1,380 கிலோஜூல் உடலுக்குள் வெப்பமாகிறது.

இந்த வெப்பத்தை வியர்வை ஆவியாகி வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே அரை லிட்டருக்கு மேல் வியர்வை வேண்டும். முன்னோக்கி நடப்பது, வெயில், சூடான பாறை, ஆவியாகாமல் சொட்டி வீணாகும் வியர்வை ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு நாளுக்கு ஒருவருக்கு 3 லிட்டர் நீராவது வேண்டும். அது 3 கிலோ சுமை!

உயரே சென்றால் குளிருமே என்கிறீர்களா? ஒரு கிலோமீட்டர் உயரத்திற்கு வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். 640 மீட்டருக்கு 4 டிகிரிதான். கோடையில் அது ஆறுதல் தராது.

வியர்வையுடன் உப்பும் போகிறது. வெறும் நீரையே குடித்துக் கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறையும். உப்பிட்ட மோர், எலுமிச்சைச் சாறு, வறுத்த வேர்க்கடலை, புளியோதரை ஆகியவை நம் வீட்டிலேயே கிடைக்கும் நல்ல மருந்து. பாதி நீர் தீர்ந்துவிட்டால், கடிகாரம் என்ன சொன்னாலும், அதுவும் திரும்பும் நேரமே.

போகாமல் இருப்பதும் திட்டமே

2024 டிசம்பர் 1-ஆம் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் இதே அண்ணாமலையின் சரிவு பெயர்ந்தது. மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். மழைநீர் மண்ணின் இடைவெளிகளை நிரப்பும்போது சரிவின் எடை கூடுகிறது. மண் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வு குறைகிறது. மழை நின்ற பிறகும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் தீபத்தின்போது பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

வறட்சியில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடைப் பயணம் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுடர் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்துவதால், தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். அதன்பின் அதே ஆண்டில் மலைநடைப் பயணங்களுக்கு அரசு விதிகள் வகுத்தது. அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் வெறும் சடங்கல்ல. காட்டின் அன்றைய நிலையை அறிந்தவர் ஒருவர் சரி என்று சொல்வதே அனுமதி.

புறப்படுமுன் குழுவினர் பெயர், பாதை, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். மலையில் கைபேசி எடுக்காமல் போகலாம். அந்தத் தாள் பேசும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மலையின் உச்சி உயரத்தையும் அடிவார உயரத்தையும் நிலப்படத்தில் கண்டு, ஏறும் உயரத்தைக் கணக்கிடுங்கள்.

2. அந்த மலைக்கு ஜனவரியில் ஒரு திரும்பும் நேரத்தையும் மே மாதத்தில் ஒரு திரும்பும் நேரத்தையும் குறியுங்கள். மே மாதத்தில் பகல் நீளம். இருந்தும் அப்போது முன்னதாகத் திரும்ப வேண்டும். ஏன்?

3. உங்கள் எடைக்குத் தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.