வாத்தியக்காரருக்கு ஒரு பாடம்: ஸ்டீல் கிட்டாரில் ரெசனேட்டர் ஒலி வர எந்தப் பார்?

ஆராதனையில் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிற தம்பிமார்கள் கேட்கிற ஒரு கேள்வியை இந்த முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். "எங்ககிட்ட இருக்கிறது மின்சார ஸ்டீல்தான். ரெசனேட்டர் கிட்டார் வாங்க வசதி இல்லை. பாரை மட்டும் மாத்தினா அந்த ஒலி வந்துடுமா?"

முழுசா வராது. ஆனால் சரியான பார் பாதி தூரம் கொண்டுபோய் விடும். மீதிப் பாதி உங்கள் கைப்பழக்கத்தில் இருக்கிறது. கடையில் பளபளப்பைப் பார்த்துக் காசைக் கொடுக்கும் முன்னே இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், அந்த ஒலி நமக்கு எதற்கு? மின்சார ஸ்டீல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் லேசில் விடாது. கார்வை நீண்டுகொண்டே போகும். அது அழகுதான், ஆனால் மெதுவான பாட்டில் ஜனங்கள் பாடுகிற வார்த்தையின் மேல் படர்ந்து அதை மூடிவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற வயசான அம்மாவுக்கு ராகம் கேட்கும், வார்த்தை கேட்காது. ரெசனேட்டர் ஒலி அப்படி அல்ல. "டக்" என்று தொடங்கும், கணீரென்று பேசும், அடங்கிவிடும். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் பதில் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்கு வழி விட்டுவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1903-ல் மேரி மக்தலேனா டேட் அம்மையார் தொடங்கிய பெந்தெகொஸ்தே சபை வழியில் வந்த ஹவுஸ் ஆஃப் காட் சபைகளில், ஆர்கன் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்டீல் கிட்டார்தான் இருக்கிறது. 1930-களில் பிலடெல்பியாவில் டிரோமன் ஈசன் என்பவர் ஒரு ஹவாய்க்காரரிடம் இதைக் கற்றார். அவருடைய தம்பி வில்லி ஈசன் ஒற்றைக் கம்பியில் மனுஷக் குரலைப் போலவே அழவும் கூப்பிடவும் வைத்தார். அவர்களுக்கு வேண்டியது நீண்ட கார்வை. குரல் அறுந்துபோகக் கூடாது. ஆகவே சபை எழும்பித் துதிக்கிற நேரத்துக்கு அந்த ஒலி. நான் சொல்ல வருவது அமைதியான நேரத்துக்கு. இரண்டையும் ஒரே பாரில் சாதிக்கப் பார்க்காதீர்கள். பையில் இரண்டு பார் இருக்கட்டும்.

இப்போது ரெசனேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மைக், ஆம்ப்ளிஃபயர் பரவலாகாத காலத்தில், கிட்டாரின் சத்தம் போதவில்லை என்று ஜான் டோப்பியேராவும் ஜார்ஜ் போஷாம்பும் சேர்ந்து 1927-ல் நேஷனல் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். உள்ளே மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்று. அடுத்த வருஷம், 1928-ல், டோப்பியேரா சகோதரர்கள் தனியே டோப்ரோ கிட்டாரைச் செய்தார்கள். அதில் கிண்ணம் போல ஒரே கூம்பு. அதன்மேல் எட்டுக்கால் பூச்சி போல ஒரு தாங்கி. கம்பி அதிர்ந்ததும் அந்தச் சக்தி உடனே கூம்புக்குப் போய்க் காற்றைத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் முதல் சத்தம் பெரிசு, பிறகு சீக்கிரம் குறைகிறது. மின்சார ஸ்டீலில் கனமான மரப் பலகை. சக்தி வெளியே போக வழியில்லாமல் கம்பியிலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் மாற்றவேண்டியது இந்தக் குணத்தைத்தான்.

இங்கேதான் பார் வருகிறது. கம்பி ஒரு பக்கம் பிரிட்ஜில் முடிகிறது, மறுபக்கம் உங்கள் பாரில் முடிகிறது. பார் கனமாக இருந்தால் கம்பியால் அதை அசைக்க முடியாது. அதிர்வு திரும்பித் திரும்பி வரும், கார்வை நீளும். இலேசாக இருந்தால் பாரும் உங்கள் விரலும் கூடச் சேர்ந்து கொஞ்சம் அதிரும், சக்தி அங்கே கசியும், ஒலி சுருங்கி மெலியும். கணக்கு போட்டுப் பாருங்கள். திட எஃகில் செய்த குண்டு வடிவப் பார், 1 அங்குல விட்டமும் 3 3/8 அங்குல நீளமும் இருந்தால் சுமார் 340 கிராம். 7/8 அங்குல விட்டம், 3 1/4 நீளம் என்றால் சுமார் 250. 3/4 அங்குல விட்டம், 2 7/8 நீளம் என்றால் 160 கிராம்தான். முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு வந்தாலே எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, காதுக்கும் தெரியும்.

ஆனால் எடையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அது பாரின் ஓரம், பிடி. டோப்ரோ வாசிப்பின் உயிர் எதில் இருக்கிறது தெரியுமா? பாரைக் கம்பியில் "டக்" என்று போடுவதிலும், சட்டென்று இழுத்து எடுத்துத் திறந்த கம்பியை ஒலிக்க விடுவதிலும். ஹேமர் ஆன், புல் ஆஃப் என்பார்கள். 1955-ல் ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்த ஜாஷ் கிரேவ்ஸ், ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் பாஞ்சோ முறையை டோப்ரோவுக்குக் கொண்டுவந்தார். அந்த வேகத்துக்குப் பார் கையோடு ஒட்டிக்கொண்டு எழும்ப வேண்டும். உருண்டையான குண்டு பார் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போவதற்கென்றே பிறந்தது. அதைத் தூக்க முயன்றால் விரலில் சுழலும், வேர்த்த கையில் நழுவும். மூக்கு உருண்டையாக இருப்பதால் புல் ஆஃப் மொண்ணையாக விழும்.

ஆகவே டோப்ரோக்காரர்கள் ஸ்டீவன்ஸ் வகைப் பாரை எடுப்பார்கள். ரயில் தண்டவாளத்துண்டு போல இருக்கும். இரண்டு பக்கமும் கட்டைவிரலும் நடுவிரலும் பதிய பள்ளம், மேலே ஆள்காட்டி விரலுக்கு ஒரு குழி, அடியில் மட்டும் வளைவு. முனை சதுரமாக வெட்டியது. அந்த ஓரத்தால் கம்பியைச் சுண்டி எடுத்தால் சுத்தமாகத் தெறிக்கும். ஷப்-பியர்ஸ் போன்றவர்கள் இதையே கைக்கு இதமாகத் திருத்திச் செய்தார்கள். சதுர முனையில் ஒரு தொந்தரவும் உண்டு. பாரைச் சாய்த்துப் பிடிக்கும்போதும், ஒற்றைக் கம்பியிலிருந்து பக்கத்துக் கம்பிக்குப் போகும்போதும் ஓரம் மாட்டும். ஒரு முனை உருண்டையும் ஒரு முனை சதுரமுமாய் வருகிற பார் கிடைத்தால், மின்சார ஸ்டீல் வாசிக்கிறவருக்கு அதுவே என் முதல் சிபாரிசு.

நீளத்தைக் கவனியுங்கள். ஆறு கம்பி லாப் ஸ்டீலுக்கு இந்தப் பார் தாராளம். பத்துக் கம்பி பெடல் ஸ்டீலில் 3 அங்குலப் பார் எல்லாக் கம்பியையும் ஒட்டுமொத்தமாக மூடாது, மூடவும் வேண்டியதில்லை. இந்த ஒலிக்கு ஒரே நேரத்தில் மூன்று கம்பிக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

உலோகம் பற்றி நிறையப் பேசுவாங்க. பித்தளை கொஞ்சம் கதகதப்பு, கண்ணாடியும் பீங்கானும் மேல் ஒலியை மழுக்கும் என்பது ஓரளவு உண்மை. நம்முடைய கோட்டுவாத்தியத்தில் கருங்காலிக் கட்டையை உருட்டி வாசித்தார்கள். ரவிகிரண் டெஃப்லானை எடுத்துக்கொண்டார். அந்தக் குழைவு கர்நாடக இசைக்கு வேண்டியது. டோப்ரோவின் அந்த உலோகக் கணீர் வேண்டுமென்றால் மரமும் கண்ணாடியும் வேண்டாம், எஃகே போதும். கடலோர ஊர்க்காரர்கள் துருப்பிடிக்காத எஃகையே கேளுங்கள். குரோம் பூச்சு தேய்ந்து கோடு விழுந்த பாரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தக் கோடு ஒவ்வொரு இழுப்பிலும் "சர்" என்று உரசும். பாரே இல்லாதவர் மனம் சோரவேண்டாம். ஹவாயில் ஜோசப் கெக்குக்கு 1889-ஐ ஒட்டிய வருஷங்களில் ரயில் தண்டவாளத்தோரம் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துத்தான் இந்த வாத்திய முறையையே தொடங்கினார் என்று சொல்வார்கள்.

இனி கைப்பழக்கம். வலது கையைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளிக்கொண்டு வாருங்கள். கட்டைவிரலுக்குப் பிளாஸ்டிக் பிக், விரலுக்கு உலோக பிக். ஸ்வரம் பேசினதும் உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமர்த்துங்கள். இலேசான பாரில் கம்பி "ஜிர்" என்று அதிரும். பாருக்குப் பின்னால் மோதிர விரலையும் சுண்டு விரலையும் கம்பிமேல் படிய வையுங்கள், நின்றுபோகும். வால்யூம் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். அடங்குகிற ஸ்வரத்தைக் காலால் தூக்கிக்கொண்டே இருந்தால் பாரை மாற்றி என்ன பிரயோஜனம்? ஆம்ப்ளிஃபயரில் கீழ் ஒலியைக் குறைத்து, நடு ஒலியின் மேல்பகுதியைச் சற்று ஏற்றி, ரிவெர்ப்பை மூடுங்கள்.

சுருதியும் முக்கியம். டோப்ரோவின் வழக்கமான சுருதி ஜி, பி, டி, ஜி, பி, டி. திறந்த கம்பிகளே மேஜர் கார்டாக இருப்பதால்தான் புல் ஆஃப் எங்கே விழுந்தாலும் இனிக்கிறது. லாப் ஸ்டீலில் சி6 சுருதி வைத்திருப்பவர்கள் அதே கம்பியை இறக்கித் திருப்பப் பார்க்காதீர்கள், தளர்ந்துபோகும். இந்தச் சுருதிக்கென்றே 016 முதல் 056 வரை கம்பி செட் விற்கிறது, அதைப் போடுங்கள்.

கடையில் சோதிக்க உங்கள் வாத்தியத்தையே எடுத்துக்கொண்டு போங்கள். ஐந்தாம் ஃபிரெட்டில் ஒரே கம்பியை ஒரே பலத்தில் மீட்டி, ஸ்வரம் அடங்கும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். பாரை மாற்றி மறுபடி எண்ணுங்கள். பிறகு அதே இடத்தில் இருபது தடவை போட்டு எடுங்கள். இருபதாவது தடவை கட்டைவிரல் வலித்தால், எண்ணிக்கை எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அந்தப் பாரை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.