பழைய காருக்கு டிஜிட்டல் ரேடியோ: ஆன்டெனாவும் கதவும் முதலில்

நார்வேயில் 2017 ஜனவரி 11 அன்று தேசிய வானொலிகளின் எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 13-க்குள் நாடு முழுவதும் அது நின்றுபோனது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஆர்ஜி 2024 டிசம்பர் 31-உடன் எஃப்எம்மை விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் 21 முதல், ரேடியோவுடன் விற்கப்படும் எந்தப் புதிய காரிலும் டிஜிட்டல் வசதி இருந்தாக வேண்டும். அதற்கு முன்பே வாங்கி, எஞ்சின் இன்னும் நன்றாக ஓடும் கார்களை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸ்லோவிலும் சூரிச்சிலும் தமிழ்க் குடும்பங்களின் வாசலில் அப்படிப்பட்ட கார்கள் நிறைய நிற்கின்றன.

தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவின் முறை டிஏபி பிளஸ். ஆகாசவாணி மத்திய அலையில் பயன்படுத்தும் டிஜிட்டல் முறை டிஆர்எம். ஒன்றுக்கான பெட்டி மற்றொன்றைப் பிடிக்காது. உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தரும் டிஏபி ரேடியோவை ஊரில் மாட்டினால் அதில் டிஜிட்டல் ஒலிபரப்பு எதுவும் கேட்காது.

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பணத்தைப் பெட்டியில் கொட்டுகிறார்கள். பெரிய தொடுதிரை, பளபளக்கும் பொத்தான்கள் என்று பார்த்து வாங்கிவிட்டு, ஆன்டெனாவுக்குக் கைக்குக் கிடைத்ததை ஒட்டுகிறார்கள். ஸ்பீக்கரைக் கதவின் வெறும் தகரத்தில் திருகுகிறார்கள். பிறகு, ஊரைத் தாண்டினால் சத்தம் அறுகிறது, பாஸ் இல்லை என்று வருத்தப்படுகிறார்கள். நடுத்தர விலைப் பெட்டி, நல்ல ஆன்டெனா, ஒழுங்காக அடைத்த கதவு, இந்த மூன்றும் சேர்ந்தால் விலை உயர்ந்த பெட்டி தராத ஒலியைத் தரும்.

உதாரணத்துக்கு ஐந்தாம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃபை எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பியக் கார்களில் வரக்கூடிய சிக்கல்கள் அநேகமாக எல்லாம் அதில் உண்டு.

வாங்குவதற்கு முன்

முதலில் ரேடியோ இருக்கும் இடத்தை அளக்கவும். உயரம் சுமார் 5 செ.மீ. என்றால் ஒற்றை டின். சுமார் 10 செ.மீ. என்றால் இரட்டை டின். அகலம் இரண்டுக்கும் ஏறக்குறைய 18 செ.மீ. கோல்ஃபில் இருப்பது இரட்டை டின். பெட்டியின் பெயர்ப்பலகையில் டிஏபி என்று மட்டும் இருந்தால் போதாது. டிஏபி பிளஸ் என்று இருக்க வேண்டும். பழைய டிஏபியும் 2007-இல் தரப்படுத்தப்பட்ட டிஏபி பிளஸும் ஒலியைச் சுருக்கும் விதத்தில் வேறு வேறு. பழையதற்கு மட்டும் உரிய பெட்டியில் இன்றைய நிலையங்களில் பெரும்பாலானவை மௌனமாகவே இருக்கும்.

அட்டைப்பெட்டியில் “50 வாட் × 4” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். கார் ஓடும்போது கிடைக்கும் சுமார் 14 வோல்ட்டை வைத்து, பெட்டிக்குள் இருக்கும் சிறு ஆம்ப்ளிஃபயர் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 20 வாட்தான். அந்த எண் ஆர்எம்எஸ் என்ற பெயரில் விவரத்தாளில் இருக்கும். ஸ்பீக்கர் வாங்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். 20 வாட்டில் வேலை செய்யப்போகிற ஸ்பீக்கருக்கு “300 வாட் தாங்கும்” என்ற பெருமை பயன்படாது. அதன் உணர்திறன்தான் முக்கியம். 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது அந்த எண். 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரட்டிப்பு வாட் வேண்டும். ஆகவே தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கப் போவதில்லை என்றால் 90 டெசிபெல்லுக்குக் கீழே போகாதீர்கள்.

கோல்ஃபின் முன்கதவில் 165 மி.மீ. வூஃபர் தனியாக இருக்கும், டுவீட்டர் அதற்கு மேலே தனியாக இருக்கும். அதே அமைப்பில் வூஃபரும் டுவீட்டரும் பிரிந்த செட்டையே வாங்குங்கள். முழங்காலுக்குக் கீழே ஒலிக்கும் பாடகரின் குரலைக் காது உயரத்துக்குக் கொண்டுவருவது மேலே உள்ள அந்த டுவீட்டர்தான். பின்கதவுக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த கோஆக்ஸியல் போதும். பணம் குறைவாக இருந்தால் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

இவற்றுடன் மூன்று இணைப்புப் பொருள்கள் தேவை. காரின் குவாட்லாக் செருகியைப் புதுப் பெட்டிக்கு மாற்றித் தரும் அடாப்டர். கூரை ஆன்டெனாவின் ஃபக்ரா முனையைச் சாதாரண முனையாக்கி, அதனுள் இருக்கும் பூஸ்டருக்கு 12 வோல்ட்டும் அனுப்பும் அடாப்டர். மூன்றாவதாக கேன் பஸ் அடாப்டர். மூன்றாவதைச் செலவு என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் காரில் சாவி போட்டதை ரேடியோவுக்குச் சொல்லும் தனி வயர் கிடையாது. அந்தச் செய்தி காரின் உள் தகவல் இணைப்பான கேன் பஸ் வழியாக வருகிறது. அடாப்டர் இல்லாமல் பெட்டியின் நிரந்தர மின் வயர், சாவி வயர் இரண்டையும் நிரந்தர 12 வோல்ட்டிலேயே கட்டிவிட்டால், சாவியை எடுத்த பிறகும் பெட்டி விழித்திருந்து பேட்டரியைத் தின்றுவிடும்.

பெட்டியைக் கழற்றுதல்

பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருங்கள். ஏர்பேக் சுற்றில் தேங்கிய மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை. பழைய ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டு என்றால் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்ட பிறகே இதைச் செய்யவும். ரேடியோவைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைப் பிளாஸ்டிக் நெம்பியால் மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே நான்கு டி20 ஸ்குரூக்கள். அவற்றை எடுத்தால் பெட்டி முன்னால் நகரும். பின்னால் உள்ள குவாட்லாக்கின் நெம்புகோலைத் திருப்பி விடுவியுங்கள்.

வயர்களுக்கு நிறக்கணக்கு உண்டு. மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கருப்பு எர்த், நீலம் ஆன்டெனாவுக்கு. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கருப்புக் கோடு போட்டது அந்த ஸ்பீக்கரின் மைனஸ். இந்த மைனஸ்களை ஒன்றோடொன்று சேர்க்கவோ காரின் உடம்பில் எர்த் செய்யவோ கூடாது. இன்றைய பெட்டிகளின் ஆம்ப்ளிஃபயர் அதில் பழுதாகும். இன்னும் பழைய வோக்ஸ்வாகன் என்றால் ஐஎஸ்ஓ செருகியில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். காரை நிறுத்தும்போதெல்லாம் பதிந்துவைத்த நிலையங்கள் அழிந்துபோனால் காரணம் அதுதான். அடாப்டரில் அந்த இரண்டையும் மாற்றிச் செருகினால் சரியாகும்.

வயர்களை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விடுங்கள். கோடையில் டேப்பின் பசை உருகும், குளிர்காலத்தில் விறைக்கும், இணைப்பு கழலும். கிரிம்ப் கொறடால் அழுத்திய இணைப்பு காரின் ஆயுள் வரை நிற்கும்.

ஆன்டெனா: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

எஃப்எம்மில் சிக்னல் குறைந்தால் இரைச்சல் கூடும், ஆனாலும் பாட்டு கேட்கும். டிஜிட்டலில் அந்த இடைநிலை மிகக் குறைவு. தெளிவாகப் பாடிக்கொண்டே இருந்து, ஒரு எல்லை தாண்டியதும் குமிழ்குமிழாக வெட்டி நின்றுவிடும். அந்த எல்லையைத் தள்ளிப்போடுவது ஆன்டெனாவின் வேலை.

டிஏபி ஒலிபரப்பு 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. எஃப்எம் 108-உடன் முடிந்துவிடுகிறது. அதனால் கூரையில் எஃப்எம்முக்காக வைத்த ஆன்டெனாவையே பிரிப்பான் போட்டு இரண்டுக்கும் பகிர்ந்தால் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் வேலை செய்யும், மலைப்பாதையில் கைவிடும். மிகச் சிறந்தது, கூரை ஆன்டெனாவையே எஃப்எம்மும் டிஏபியும் சேர்ந்ததாக மாற்றுவது. அதற்குக் கூரைத் துணியை இறக்கி கேபிள் இழுக்க வேண்டும், ஒரு நாள் வேலை. கையில் அந்த நேரம் இருந்தால் தயங்காமல் செய்யுங்கள்.

பலரும் செய்வது முன்கண்ணாடியில் ஒட்டும் படல ஆன்டெனா. ஒழுங்காக ஒட்டினால் அதுவும் நன்றாகவே பிடிக்கும். கண்ணாடியின் மேல்மூலையில், ஓட்டுநர் பார்வைக்கு அப்பால், பயணி பக்கம் ஒட்டுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒட்ட வேண்டும். ஜனவரிக் குளிரில் தெருவில் ஒட்டினால் பசை பிடிக்காது. படலத்தோடு ஒரு சிறு எர்த் தகடு வரும். அது ஓரத்தூணின் இரும்பில் ஒட்ட வேண்டும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டு ரேடியோவைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம்.

அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றும்போது கவனம். உள்ளே தலைக்கான ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கலாம். கேபிள் அதற்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால் அது விரியும் நொடியில் தடுக்கும். சில கார்களில் மூடியைப் பிடிக்கும் கிளிப் ஒரு முறைக்கு மட்டுமே. புதிது வாங்கிப் போடுங்கள். இதில் நம்பிக்கை இல்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது.

கண்ணாடிக்குள் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருந்தால் படல ஆன்டெனா வேலை செய்யாது. டேஷ்கேமும், மலிவான யுஎஸ்பி சார்ஜரும் இதே அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். நிலையங்கள் பாதியாகக் குறைந்தால், முதலில் அவற்றைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

கதவு

உட்பிடியின் மூடியைக் கழற்றினால் அடியில் ஸ்குரூக்கள், கதவின் கீழ் விளிம்பில் சில. பிறகு சுற்றிலும் உள்ள கிளிப்புகளை விடுவித்து மேல்நோக்கித் தூக்க வேண்டும். இழுத்துப் பிய்க்காதீர்கள், கதவு திறக்கும் கம்பியும் கண்ணாடி ஸ்விட்சின் வயரும் இன்னும் மாட்டியிருக்கும்.

கோல்ஃபில் பழைய வூஃபர் ரிவெட்டில் நிற்கிறது. ரிவெட்டின் தலையை மட்டும் துளைத்து எடுங்கள். உதிரும் உலோகத்தூளை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி, தெரியும் வெறும் இரும்பில் துருத்தடுப்புப் பெயின்ட் தொட்டு வையுங்கள். புது ஸ்பீக்கர் அடாப்டர் வளையத்தின் மேல் உட்காரும். எம்டிஎஃப் பலகை வளையம் மழைநீரில் உப்பும். பிளாஸ்டிக் வளையமே மேல். திருகுவதற்கு முன் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தின் பின்புறம் அதில் உரசுகிறதா என்று பார்க்கவும்.

ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிர் திசையில் பிறக்கின்றன. இரண்டும் கலந்தால் பாஸ் ஒன்றையொன்று அழிக்கும். எனவே வளையத்துக்கும் கதவுக்கும் நடுவே நுரைப்பட்டை வைத்து இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். வெளித்தகரத்தின் உட்புறத்தில், ஸ்பீக்கருக்கு நேர் பின்னே, பியூட்டைல் தகடு ஒட்டி உருளையால் அழுத்துங்கள். முழுக்க மூட வேண்டியதில்லை. தகரம் அதிராத அளவுக்குப் போதும். கதவின் அடியில் உள்ள நீர்வடி துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். கதவில் நீங்களாகத் துளை போடுவதும் கூடாது. சில கார்களில் பக்கவாட்டு மோதலை அறிய, கதவுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி இருக்கிறது. கதவின் அடைப்பு கெட்டால் அது தவறாக உணரும்.

பிளஸ் மைனஸைச் சரிபார்க்க 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் கூம்பு முன்னால் துள்ளும். ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் துள்ளினால் இணைப்பு தலைகீழ். குரல் நடுவில் நிற்காது, பாஸ் காணாமல் போகும்.

ஒலியைச் சீர்செய்தல்

எல்லாவற்றையும் மாட்டி, மூடுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்துச் சோதியுங்கள். டிஏபி ஆன்டெனாவுக்கு மின்சாரம் அனுப்பும் அமைப்பு பல பெட்டிகளில் மெனுவுக்குள் அணைந்த நிலையில் இருக்கும். அதை இயக்கிய பிறகே நிலையங்களைத் தேடச் சொல்லவும். பேட்டரி எடுத்ததால் ஜன்னல்கள் ஒரே தொடுதலில் மேலேறாமல் போகலாம். முழுக்க மூடி, ஸ்விட்சைச் சில நொடிகள் பிடித்திருந்தால் சரியாகும்.

ஹை பாஸ் ஃபில்டரை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். அதற்குக் கீழுள்ள ஆழ்ந்த ஒலியை இந்தச் சிறு கூம்புகளால் தர முடியாது. அந்தச் சுமையை எடுத்துவிட்டால் மிருதங்கமும் குரலும் தெளிவாகும். ஃபேடரை முன்பக்கம் சற்றே தள்ளுங்கள். டைம் அலைன்மென்ட் வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 செ.மீ. போகிறது, தொலைவில் உள்ள ஸ்பீக்கர் உங்கள் காதிலிருந்து 68 செ.மீ. அதிகத் தூரம் என்றால், அருகில் உள்ளதை 2 மில்லி செகண்ட் தாமதிக்க வேண்டும். டேப்பால் அளந்து போட்டுப் பாருங்கள். பாடகர் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடுவார்.

எஃப்எம்மைத் தக்கவைத்த நாட்டில் இருந்தால் சர்வீஸ் ஃபாலோயிங் என்ற அமைப்பையும் இயக்குங்கள். டிஏபி சிக்னல் அறுந்தால் பெட்டி அதே நிலையத்தின் எஃப்எம்முக்குத் தானாக மாறும்.

ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காரணம் தெரியும் வரை காரை ஓட்டாதீர்கள். கழற்றிய பெட்டி நல்ல நிலையில் இருந்தால், காரை விற்கும் நாள் வரை ரகசிய எண்ணோடு எடுத்து வையுங்கள். வேண்டாம் என்றால் குப்பையில் போட வேண்டாம். நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் இத்தகைய மின்னணுப் பொருள்களை விற்கும் கடைகள் பழையதைக் காசு வாங்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டப்படி கடமைப்பட்டவை.