காற்றைக் காக்கும் இரப்பர்

நுழையும்முன்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை, திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆந்திர எல்லையை அடைகிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்துசெல்லும் சரக்கு லாரிகள் இரவுபகலாக இச்சாலையில் ஓடுகின்றன. அவற்றின் பல டன் எடையைத் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்றே. காற்றழுத்தம் குறைந்தால் டயர் அளவுக்கு மீறி நெளியும், வெப்பம் ஏறும், ஓட்டத்திலேயே வெடிக்கவும் கூடும். அக்காற்றைக் காக்கும் பொருளைப் பற்றியது இப்பாடம்.

பலூனும் டயரும்

ஊதிக் கட்டிய பலூன் மறுநாள் சுருங்கிவிடுகிறது. அதில் ஓட்டை ஏதுமில்லை. இயற்கை இரப்பரின் மூலக்கூறுகளுக்கு இடையே காற்று மெல்லக் கசிந்துவிடுகிறது. 1946ஆம் ஆண்டு கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கினார். அச்சிறு தொழிலே எம்.ஆர்.எஃப். நிறுவனமாக வளர்ந்து, 1961இல் டயர் உற்பத்தியில் இறங்கியது. பலூன் சுருங்கினால் குழந்தைக்கு ஏமாற்றம். டயர் காற்றிழந்தாலோ ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து.

பியூட்டைல் இரப்பர்

1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவன ஆய்வாளர்களான வில்லியம் ஸ்பார்க்ஸ், இராபர்ட் தாமஸ் இருவரும் பியூட்டைல் இரப்பரை உருவாக்கினர். ஏறத்தாழ 98 விழுக்காடு ஐசோபியூட்டிலீனும் 2 விழுக்காடு ஐசோபிரீனும் இணைந்த பலபடி இது. மைனஸ் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும் கடுங்குளிரில் இவ்விணைவு நிகழ்த்தப்படுகிறது. இதன் சங்கிலியில் மெத்தில் தொகுதிகள் நெருக்கமாக அமைந்திருப்பதால் மூலக்கூறுகள் எளிதில் அசைவதில்லை. காற்று புகுந்து செல்ல வழியும் குறைவு. இயற்கை இரப்பரில் கசியும் காற்றில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோதான் இதில் கசியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டயர்களின் உள்ளே வைக்கும் டியூப்கள் இதனால் செய்யப்பட்டன.

ஒட்டாத உறவு

பின்னர் டியூப் இல்லாத டயர்கள் வந்தன. டயரின் உட்புறத்தில் காற்றுப்புகா மெல்லிய அடுக்கொன்றை ஒட்டவைக்க வேண்டிய தேவை எழுந்தது. இரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி வலுவூட்டுவதை வல்கனைசாக்கல் என்பர். கந்தகம் பற்றிக்கொள்ள இரட்டைப் பிணைப்புகள் வேண்டும். இயற்கை இரப்பரில் அவை ஏராளம். பியூட்டைலில் மிகச் சில. இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் கந்தகத்தை இயற்கை இரப்பரே ஈர்த்துக்கொள்ளும். பியூட்டைல் அடுக்கு ஒட்டாமல் பிரிந்துவிடும். காற்றைக் காக்கும் பண்பு எந்த அமைப்பால் வந்ததோ, அந்த அமைப்பே இணைவதற்குத் தடையாக நின்றது.

சிறு மாற்றம், பெரும்பயன்

பியூட்டைல் இரப்பரைக் கரைப்பானில் கரைத்து, சிறிதளவு குளோரினையோ புரோமினையோ சேர்த்தனர். எடையில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே சேர்ந்த இவ்வணுக்கள், இரட்டைப் பிணைப்பை அழிக்காமல் அதன் அருகே அமர்ந்து, புதிய வினைகளுக்கு இடமளித்தன. இவ்வாறு மாற்றியமைக்கப்பட்டவை குளோரோபியூட்டைல், புரோமோபியூட்டைல் எனப்படும். இவை விரைவாக வல்கனைசாகும். இயற்கை இரப்பருடன் உறுதியாகப் பிணையும். காற்றுப்புகாத் தன்மையையும் இழப்பதில்லை. புரோமினின் பிணைப்பு எளிதில் விடுபடுவதால் புரோமோபியூட்டைல் இன்னும் விரைந்து வினைபுரியும். இன்றைய டியூப் இல்லாத டயர்களின் உள்ளடுக்கு பெரும்பாலும் இவற்றால் ஆனதே.

மருத்துவத் துறையிலும் இவை இன்றியமையாதவை. தடுப்பூசிப் புட்டிகளின் மூடிகள், ஈரமும் காற்றும் உட்புகாமல் காக்க வேண்டும். மருந்தில் எதையும் கசியவிடக் கூடாது. ஊசி துளைத்தபின் தாமே மூடிக்கொள்ளவும் வேண்டும். கந்தகம் இன்றியே வல்கனைசாக்க இயல்வதால் இவ்விரப்பர்கள் அப்பணிக்குப் பொருந்துகின்றன.

பயனுக்குப் பின்

எளிதில் சிதையாமை டயருக்குச் சிறப்பு, மண்ணுக்குச் சுமை. குளோரின், புரோமின் கலந்த இரப்பரைத் திறந்தவெளியில் எரித்தால் அமில வாயுக்கள் வெளிப்படும். தொழிற்சாலைகளும் வயல்களும் அருகருகே உள்ள கும்மிடிப்பூண்டி போன்ற பகுதிகளில் இதைக் கருத்தில் கொள்வது கட்டாயம். பயன்படுத்திய டயர்களை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களுக்கே உரியதாக்கி 2022இல் இந்திய அரசு விதிகளை வகுத்தது. ஒரு பொருளை ஆக்கும் அறிவு, அதன் முடிவையும் எண்ணிப் பார்க்கும்போதே முழுமை பெறும்.

தெரிந்து தெளிவோம்

குஜராத் மாநிலம் ஜாம்நகரில் ஆண்டுக்கு 1,20,000 டன் பியூட்டைல் இரப்பர் தயாரிக்கும் திறனுடைய ஆலை அமைந்துள்ளது. வட சென்னையின் மணலியில் ஐசோபியூட்டிலீனிலிருந்து பாலிஐசோபியூட்டிலீன் தயாரிக்கப்படுகிறது. இது உயவு எண்ணெய்களிலும் ஒட்டுப்பொருள்களிலும் பயன்படுகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் டயர் பழுதுபார்க்கும் ஒருவரைச் சந்தித்து, டியூப் உள்ள டயருக்கும் இல்லாத டயருக்கும் உள்ள வேறுபாடுகளைக் கேட்டறிந்து, ஒரு பக்கக் கட்டுரையாக எழுதுக.