வளரும் கல்லும் இராட்சதக் காலடியும்: எதை நம்புவது, எப்படி நம்புவது?

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் தவறாது பார்த்துவரும் காட்சிகள் சில உண்டு. மட்டக் குதிரைகள், பருத்த பெருக்கமரம், பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள் ஆகியவை யாவரும் அறிந்தவை. இவற்றோடு இரண்டு அதிசயங்களும் அங்கே காட்டப்படுகின்றன. ஒன்று, நாளுக்கு நாள் உயர்ந்து வருவதாகச் சொல்லப்படும் 'வளரும் கல்'. மற்றது, பாறையில் பதிந்திருக்கும் இராட்சதக் காலடி. அக்காலடி ஆதாமுடையது என்பாரும் உளர். அனுமனுடையது என்பாரும் உளர்.

இத்தகைய செய்திகளைப் பற்றி நம் குடும்பங்களில் மூன்று விதமான கருத்துக்கள் நிலவுகின்றன. "பெரியவர்கள் சொன்னது பொய்யாகுமா?" என்பது முதற் கருத்து. "எல்லாம் வெறும் கட்டுக்கதை" என்பது இரண்டாவது. "உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாயிருக்கிறது, அதை ஏன் கிளறுவான்?" என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினாலும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன. மூவருமே கல்லை அளந்து பார்க்கவில்லை. இன்றைய பாடம் இதைப் பற்றியதே.

டெல்ஃப்ட் நகரத்துப் புடைவை வியாபாரி

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்ஃப்ட். அது அவர்களுடைய நாட்டு நகரொன்றின் பெயர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், ஊர்காவற்றுறை அமைந்திருக்கும் தீவுக்கு லைடன் என்று பெயரிட்டார்கள். அதுவும் ஒல்லாந்து நகரொன்றின் பெயரே. இவ்விரு நகரங்களிலிருந்தும் இன்றைய பாடத்துக்குப் பொருத்தமான இரு கதைகள் கிடைக்கின்றன. இரண்டும் உண்மைக் கதைகள்.

டெல்ஃப்ட் நகரில் அன்ரனி வான் லேவன்ஹூக் என்றொரு புடைவை வியாபாரி இருந்தார். அவர் பல்கலைக்கழகம் எதிலும் படித்தவரல்லர். பொழுதுபோக்காகத் தம் கையாலேயே சிறு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து நுணுக்குக்காட்டிகள் செய்து வந்தார். மிளகு ஏன் உறைக்கிறது என்று அறியும் ஆவலில் அதைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்நீரைத் தம் கருவியால் நோக்கினார். ஒரு துளிக்குள் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்தித் திரிவதைக் கண்டார். 1676ஆம் ஆண்டில் இதனை இலண்டன் றோயல் சங்கத்துக்கு நீண்டதொரு கடிதத்தில் எழுதியனுப்பினார்.

ஒரு துளி நீரில் ஆயிரக்கணக்கான உயிர்கள்! அக்காலத்து அறிஞர்களுக்கு இது கற்பனைக் கதையாகவே பட்டது. ஆயினும் அவர்கள் கடிதத்தைக் கிழித்தெறியவுமில்லை, அப்படியே நம்பிவிடவுமில்லை. லேவன்ஹூக், மதகுருமார் உட்பட நன்மதிப்புள்ள பலரை அழைத்துக் காட்டி, அவர்களின் சாட்சிக் கடிதங்களையும் அனுப்பிவைத்தார். சங்கமோ அந்தச் சாட்சிகளோடும் நின்றுவிடவில்லை. தன் அறிஞரான றொபேட் ஹூக் என்பவரிடம் சோதனையை மீண்டும் செய்யும் பொறுப்பை ஒப்படைத்தது. முதல் முயற்சிகள் சரிவரவில்லை. கருவியைத் திருத்திக்கொண்டு மறுபடி முயன்றபோது, 1677 நவம்பரில், சங்கத்தார் கூடியிருந்து அச் சிற்றுயிர்களைத் தம் கண்ணாலேயே கண்டார்கள்.

நம்பமுடியாதது உண்மையாயிற்று. கிருமிகளைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றின் தொடக்கம் அந்த மிளகுத் தண்ணீரே. "எல்லாம் கட்டுக்கதை" என்று எழுந்து போயிருந்தால் ஓர் அரிய உண்மையை இழந்திருப்பார்கள். சோதியாமல் நம்பியிருந்தாலோ, அடுத்த நாள் வரும் பொய்யையும் அவ்வாறே நம்பியிருப்பார்கள்.

லைடன் நகரில் அச்சான நூல்

இரண்டாவது கதை கலிலியோவினுடையது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்துக்காக 1633இல் அவர் திருச்சபையின் விசாரணை மன்றத்தால் தண்டிக்கப்பட்டார். வீட்டுக் காவலில், கண்பார்வையும் மங்கிப்போன முதுமையில், அவர் எழுதி முடித்த கடைசிப் பெருநூல் 1638இல் லைடன் நகரில் அச்சிடப்பட்டது. (அன்று அவருக்குத் தீர்ப்பிட்டோர் தவறிழைத்தனர் என்பதைப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992ஆம் ஆண்டில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். உண்மைக்கு அஞ்சாத திருச்சபை தன் பிழையையும் சொல்ல வல்லது.)

அந்நூலில் கலிலியோ இராட்சதரைப் பற்றிய ஒரு கணக்கையும் காட்டுகிறார். அதை நெடுந்தீவுக் காலடிக்குப் பொருத்திப் பார்ப்போம். சாதாரண மனிதன் ஒருவனின் பாதத்தைப் போல நான்கு மடங்கு நீளமான பாதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த இராட்சதனும் நான்கு மடங்கு உயரமாக, ஏறக்குறைய இருபத்திரண்டு அடி நிற்பான். உயரம் மட்டுமல்ல, அகலமும் தடிப்பும் நான்கு மடங்காகும். ஆகவே அவன் உடம்பின் எடை 4 x 4 x 4, அதாவது 64 மடங்காகும். ஆனால் அந்த எடையைத் தாங்கும் கால் எலும்பின் குறுக்குப் பரப்போ 4 x 4, அதாவது 16 மடங்குதான். எலும்பின் ஒவ்வோர் அங்குலமும் நம் எலும்பு தாங்குவதைப்போல நான்கு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். 65 கிலோ மனிதன் 4,160 கிலோ இராட்சதனாகிறான். யானை நாலு தூண் கால்களில் சுமக்கும் எடையை இவன் மனித உருவில் இரண்டு கால்களில் சுமந்து நடக்க வேண்டும். யானைக் கால் மனிதக் காலைப் போல இராமல் உரல்போல இருப்பதன் இரகசியம் இதுவே.

ஆகவே அக்காலடி மனித உருவுள்ள இராட்சதனுடையது என்பதற்கு அவனுடைய எலும்பே எதிர்ச்சாட்சி சொல்கிறது. அப்படியாயின் அது என்ன? சுண்ணக்கல்லில் மழைநீர் தேங்கித் தேங்கிக் கல்லைக் கரைத்துக் குழிகளை உண்டாக்குவது நம் குடாநாட்டிலும் தீவகத்திலும் சாதாரணமாகக் காணக்கூடியது. குழிகள் பலவற்றுள் ஒன்று பாதத்தின் வடிவில் அமைவதில் வியப்பில்லை. முகிலில் ஆனையையும் சந்திரனில் முயலையும் காணும் நம் கண், கல்லில் காலடியைக் காணாதா?

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்த அதிசயச் செய்தி வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம்.

1. சொன்னவர் நேரிற் கண்டவரா, கேட்டுச் சொல்பவரா?

2. அதை அளக்கவோ சோதிக்கவோ வழியுண்டா?

3. வேறு சாதாரண காரணம் இருக்கக்கூடுமா?

4. அது பொய்யாயின் யாருக்கு நட்டம்?

வளரும் கல்லை இக் கேள்விகளால் அணுகுவோம். பவளம் வளர்வது உண்மை. ஆனால் அது கடலுக்குள், உயிருள்ள சிறு பிராணிகளால் வளர்கிறது. கரையில் நிற்கும் பவளக்கல் உயிரற்றது. அதற்கு வளர வழியில்லை. கல்லைச் சுற்றியுள்ள மண் காற்றாலும் மழையாலும் அரிக்கப்பட்டாலும் கல் உயர்ந்தது போலவே தோன்றும். இதைத் தீர்க்கப் பெரிய ஆராய்ச்சிசாலை தேவையில்லை. அருகிலுள்ள பழைய கட்டடம் ஒன்றில் நிலையான அடையாளம் இட்டு, அதிலிருந்து நீர்மட்டக் குழாயால் கல்லின் உச்சியை ஆண்டுக்கொரு தடவை அளந்து எழுதிவந்தாற் போதும். பத்து வருடத்தில் ஒரு பாடசாலை மாணவர் குழு விடை சொல்லிவிடும். இங்கே ஒன்றை மறக்கலாகாது. அக்கல்லை நம் இந்துச் சகோதரர்கள் பக்தியோடு வணங்குகிறார்கள். உண்மையைத் தேடுவது வேறு, அயலவரின் பக்தியை எள்ளுவது வேறு. பின்னையது கிறிஸ்தவப் பண்பன்று.

நான்காவது கேள்வியின் கனத்தை நிலாவரைக் கிணறு காட்டுகிறது. இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்றும், அடியே இல்லாதது என்றும் அதைச் சொல்வதுண்டு. உண்மையில் அதன் ஆழம் அளக்கப்பட்டிருக்கிறது. நூறடிக்கு மேல் ஆழமுடையது, ஆனால் அடி உள்ளது. மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் நிற்கின்றன. நம் தீவகக் கிணறுகளின் நிலையும் இதுவே. மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, பாரம் கூடிய கடல்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உவர்நீர் ஏறிவரும். "அடியில்லாக் கிணறு, வற்றாத ஊற்று" என்று நம்பி இயந்திரம் பூட்டி ஓயாது இறைப்பவன், தன் பிள்ளைகளின் குடிதண்ணீரை உப்பாக்குகிறான். இங்கே கதையை உண்மையென எடுத்துக்கொண்டதன் நட்டம் குடத்தில் வந்து நிற்கிறது.

கற்பனைக் கதைகள் தீயனவா?

அப்படியானால் இராட்சதக் கதைகளையும் விண்வெளிக் கதைகளையும் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். அம்புலிமாமாவின் அரக்கர்களும், 1726இல் வெளிவந்த கலிவரின் யாத்திரைகளில் வரும் இராட்சதரும், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் காலமான ஆதர் சி. கிளாக்கின் விண்வெளிக் கதைகளும் பிள்ளைகளின் மனத்தை விசாலிக்கச் செய்கின்றன. செய்மதிகள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிலைத்து நின்று செய்திகளைப் பரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அந்தக் கிளாக்.

கதை தன்னைக் கதையென்று சொல்லிக்கொண்டே வருகிறது. அதில் ஏமாற்று இல்லை. கதை உண்மை வேடம் பூண்டு வரும்போதுதான் ஆபத்து. எரிக் வொன் டெனிக்கன் என்பவர் 1968இல் வெளியிட்ட நூலில், பண்டைக் காலத்துப் பெருங் கட்டடங்களுக்கு வேற்றுலகத்தார் காரணமென்று வாதித்தார். அது பெருமளவில் விற்பனையாயிற்று. அந்தக் கட்டடங்களை வியர்வை சிந்தி எழுப்பிய மனிதரின் புகழோ களவாடப்பட்டது. நாவலாக எழுதியிருந்தால் நாமும் இரசித்திருப்போம்.

விசுவாசியும் ஐயமும்

"ஐயப்படுவது விசுவாசத்துக்கு ஆகாதே" என்று சில தாய்மார் தயங்கக்கூடும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராயிருந்து, பின் பகுத்தறிவுவாதியாகப் புகழ்பெற்ற கலாநிதி ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத நிலையில் அற்புத சக்தியைக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அறைகூவினார். 1978இல் அவர் இறக்கும்வரை எவரும் அதை வெல்லவில்லை. கடவுளில்லை என்ற அவருடைய முடிவை நாம் ஏற்பதில்லை. ஆனால் போலி மந்திரவாதிகளைச் சோதிக்க வேண்டும் என்ற அவருடைய முறையைப் பார்த்து நாம் அஞ்ச வேண்டியதுமில்லை. திருச்சபையே அதைச் செய்து வருகிறது.

லூர்து நகரில் வைத்திய ஆய்வுப் பணியகம் 1883 முதல் இயங்கி வருகிறது. குணமடைந்தோம் என்று ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அறிவித்திருக்கிறார்கள். அவற்றுள் திருச்சபை புதுமையென்று ஏற்றுக்கொண்டவை ஏறத்தாழ எழுபதே. கத்தோலிக்கர் அல்லாத வைத்தியர்களும் அங்கே கோவைகளைப் பார்வையிடலாம். நம் மண்ணிலும் சுவாமி ஞானப்பிரகாசர், பலரும் வரலாறாகவே கொண்டிருந்த யாழ்ப்பாண வைபவமாலையைச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' எழுதினார். குருத்துவமும் விமர்சனமும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. எல்லாவற்றையும் சோதித்து நல்லதைக் கைக்கொள்ளுமாறு தெசலோனிக்கேயருக்கு அறிவுரை கூறிய அப்போஸ்தலரின் வழி இதுவே.

2020 டிசம்பரில், கொரோனா நோய்க்குத் தெய்வம் அருளிய மருந்து என்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். கூட்டமே நோயைப் பரப்பும் காலம் அது. சுகாதார அமைச்சரும் அதை அருந்திக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கும் அந்நோய் கண்டது. தீவகத்துக்கு இது தூரத்துச் செய்தியன்று. பெரிய வைத்தியசாலைக்குப் போகக் கடல் கடக்க வேண்டிய ஊரில், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு "முதலில் இதைக் கொடுத்துப் பார்ப்போம்" என்று கழியும் ஓர் இரவு, திரும்ப வாங்க முடியாத இரவாகலாம்.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். "இச்செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பு, அனுப்பாவிடில் கேடு வரும்" என்ற சங்கிலிக் கடிதம் அன்று தபாலில் வந்தது; இன்று கைத்தொலைபேசியில் வருகிறது. பயமுறுத்தி அனுப்பச் செய்வது செபமாகாது. அதைத் துணிந்து அழித்துவிடலாம். கடவுள் கோபிக்க மாட்டார். வதந்தியின் மேல் கட்டிய பக்தி, வதந்தி பொய்த்த அன்றே சரிந்துவிடும். கிறிஸ்துவின் மேல் கட்டிய விசுவாசத்துக்கு எந்த அளவுகோலும் பகையன்று.

குடும்பமாகச் சிந்திக்க

1. இவ்வாரம் நம் வீட்டுக்கு வந்த அதிசயச் செய்தி ஒன்றை எடுத்து, நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வியில் அது தடுமாறுகிறது?

2. பிள்ளைகளே, உங்கள் பாதத்தின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து, உயரம் பாதத்தைப்போல எத்தனை மடங்கு என்று கணக்கிடுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் செய்து ஒப்பிடுங்கள்.

3. உங்கள் கிணற்று நீர் எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகிறது? அதை எழுதி வைக்கிறீர்களா?

4. அயலவரின் நம்பிக்கையைப் புண்படுத்தாமல் உண்மையைப் பேசுவது எப்படி?