சந்தனத்தை விடு, இலுப்பைக்கு வா

அன்புள்ள தம்பிக்கு,

பழந்தின்னி வௌவாலையும் சந்தன மரத்தையும் ஒப்பிட்டு நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். உச்சி வெயிலில் தாய் வௌவால் இறக்கையால் விசிறிக்கொண்டு தொங்க, குட்டி அதன் மார்பைக் கவ்விக் கிடக்கும் அந்தப் பத்தி அபாரம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் இப்படி எழுத இன்று வேறு ஆளில்லை.

அதனால்தான் கோபம் வருகிறது. உலகச் சிவப்புப் பட்டியலைப் பார்த்து, சந்தனம் அழியும் வாய்ப்புள்ளது, வௌவால் கவலைக்கு உரியதல்ல என்று மார்க் போட்டு முடித்துவிட்டாய். பாகிஸ்தான் முதல் மியான்மர் வரை பரவிய ஓர் இனத்தின் கணக்கு அது. உன் ஊர் ஏரிக்கரை மரத்தின் கணக்கா? ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் பிராணி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை எலியோடும் காக்கையோடும் ஒரே அட்டவணையில் சேர்த்து, யாரும் கொல்லலாம் என்று விட்டிருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்த அட்டவணையே ஒழிந்தது. ஆஸ்துமாவுக்கு மருந்தென்று அதன் கறியைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை.

அடுத்தது, ஜோடியே தப்பு. கல்வராயன் மலை என்றால் சந்தனம் நினைவுக்கு வரும், சரி. சந்தனப் பழத்தைத் தின்று விதை பரப்புவது குயில் போன்ற பறவைகள். வைரத்துக்காக வெட்டுவது மனிதன். வௌவாலுக்கு அங்கே என்ன வேலை?

அதன் மரம் இலுப்பை. பங்குனியில் கிளை நுனியில் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கும். வௌவால் சதைப்பற்றான அல்லியை மட்டும் வாயால் பிடுங்கும். சூல்தண்டு ஊசிபோல் காம்பிலேயே நிற்கும். மகரந்தம் அதன் முகத்தோடு அடுத்த மரத்துக்குப் போகும். ஆடியில் பழத்தைக் கவ்விப் போய் வேறெங்கோ தொங்கியபடி தின்று கொட்டையைப் போடும். காய்ந்த கொட்டை முளைக்காது. மழை ஈரத்தில் விழுந்தால்தான் உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது அம்மா விடியுமுன் சாலையோர இலுப்பையடியில் பூ பொறுக்கப் போவாள். வறுத்து எள்ளோடு இடித்து உருண்டை பிடிப்பாள். கோயில் விளக்குக்கு எண்ணெய் ஆட்ட இலுப்பைக் கொட்டை பொறுக்க நாங்கள் போவது வேப்பமரத்தடிக்கு! ராத்திரி வௌவால் அங்கேதான் கொண்டுவந்து போட்டிருக்கும். அந்தச் சாலையோர இலுப்பைகளில் ஒன்றும் இன்று இல்லை.

விழுப்புரம் பக்கத்துக் கழுப்பெரும்பாக்கத்தில் ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே போய்ப் பெரியவர்களிடம் பேசு. பங்குனியில் ஓர் இரவு முழுக்க இலுப்பையடியில் உட்கார். சந்தனத்தை எடுத்துவிட்டு மறுபடி எழுதி அனுப்பு. குட்டி வௌவால் பத்தியில் மட்டும் கை வைக்காதே.